டீசல் கார் நின்ற இடத்தில் உதறினால்: காரணத்தைத் தேடும் முறை

புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போதுதான் பலருக்கு இது முதலில் தெரிய வருகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கும். உள் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் உருவம் கலங்கும். கதவுப் பக்கம் ஏதோ ஒன்று கடகடக்கும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும், அடுத்த சிக்னலில் மறுபடியும் உதறும். இந்த நிலையில் வண்டியை விட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "நாசில் போயிடுச்சு சார், நாலையும் கழட்டிப் பார்க்கணும்" என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் காருக்கும் இதே தீர்ப்பு வந்தது. மெக்கானிக்குகள் நாசில் என்று சொல்லும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பி, ஒன்றைப் புதிதாக மாற்றி, மீண்டும் பொருத்திய பிறகும் உதறல் நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்ததில் காரணம் கிடைத்தது. மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. மேலுறை போய், செம்பு இழைகளில் இரண்டு மூன்று மட்டுமே மிஞ்சி, எஞ்சின் அசையும்போதெல்லாம் அவை தொட்டும் தொடாமலும் இருந்தன. நான் செலவழித்த பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த வயருக்குப் போகவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே பணம் செலவாகாத சோதனைகளை முதலிலும், கருவி தேவைப்படுவதை அடுத்தும், பாகத்தைக் கழற்ற வேண்டியதைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்று நம் ஊரில் ஓடும் டீசல் கார்களில் பெரும்பாலானவை காமன் ரயில் முறையைக் கொண்டவை. டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக வரும் டீசலை உயர் அழுத்தப் பம்ப் அழுத்தி, ரயில் எனப்படும் தடித்த குழாயில் தேக்கி வைக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ உத்தரவிடும் கணத்தில் இன்ஜெக்டர் திறந்து அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வகை எஞ்சினைப் பற்றியது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில், நிற்கும்போதே ரயிலுக்குள் சுமார் 250 பார் அழுத்தம் இருக்கும். முழு இழுவையில் 1600 பார் வரை போகும் எஞ்சின்கள் சாதாரணமாக உள்ளன. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழக்கம் இருந்தது. காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் ஊசியைப் போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே இழக்க நேரிடலாம். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையால் தடவாதீர்கள். அப்படிப் பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எப்போது உதறுகிறது?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறுகிறதா, சூடான பிறகா, ஏசி போட்டால் மட்டுமா, கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா, சாவியை அணைக்கும் நேரத்தில் மட்டும் ஒரு குலுக்கு குலுக்கி நிற்கிறதா என்று.

நியூட்ரலில் நின்ற இடத்திலேயே உதறினால் சக்கரம், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் ஆகிய மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மாறாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ஐத் தாண்டினால் மட்டும் ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் அது வீல் பேலன்சிங் சமாச்சாரம். பிரேக் மிதித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் டிஸ்க். முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது மட்டும் வண்டி தடதடவென்று அதிர்ந்து கிளம்புகிறது என்றால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம் அல்லது ஃப்ளைவீல் முகம் சூட்டில் புள்ளி புள்ளியாகக் கருகியிருக்கலாம். அரும்பார்த்தபுரம் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் உடல் முழுவதும் அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் இன்ஜெக்டரைக் கழற்றுவது வீண்.

நின்ற இடத்து உதறலில் கிளட்ச்சை மிதித்ததும் சத்தமோ அதிர்வோ சட்டென்று மாறினால், கவனம் கியர் பாக்ஸ் பக்கமும் இரட்டை ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டடுக்குச் சுழல் சக்கரம்) பக்கமும் திரும்ப வேண்டும். இரட்டை ஃப்ளைவீல் எல்லா டீசல் கார்களிலும் கிடையாது; இருக்கும் வண்டிகளில் அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் ஐடிலில் கடகடப்பும், ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் பெரிய குலுக்கலும் வரும். அணைக்கும்போது மட்டும் குலுக்கினால் இன்னொரு சந்தேகமும் உண்டு. பல டீசல் எஞ்சின்களில், சாவியை அணைத்ததும் காற்று வழியை மூடி எஞ்சினை மெல்ல நிற்க வைக்கும் ஒரு தட்டு இருக்கிறது; அது கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் குலுங்கித்தான் நிற்கும்.

அடுத்தது, அதிர்வின் வேகம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது விநாடிக்கு ஆறு ஏழு முறை எரிகிறது. நான்கும் சேர்ந்தால் விநாடிக்கு 26 அல்லது 27. எனவே ஒரே ஒரு சிலிண்டர் சோம்பினால் விநாடிக்கு ஆறேழு முறை அடிக்கும் தடித்த, கிட்டத்தட்ட எண்ணிவிடக்கூடிய துடிப்பு வரும். இதைத்தான் "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்கிறோம். எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக எரிந்து, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான மவுண்டிங் மட்டும் போயிருந்தால், எண்ண முடியாத அளவுக்கு வேகமான ரீங்காரம் போன்ற அதிர்வு உடம்பில் ஏறும். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை டேஷ்போர்டின் மேல் வைத்துப் பாருங்கள். மவுண்டிங் கோளாறில் தண்ணீரின் மேற்பரப்பு முழுவதும் பொடிப் பொடியாகச் சிலிர்க்கும். மிஸ்ஸிங்கில் தண்ணீர் மொத்தமாக அசைந்து பாட்டிலின் சுவரில் தட்டும். மூன்றாவதாக, ஆர்பிஎம் முள் தானாக ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊசலாடினால் அது ஒரு சிலிண்டரின் பிரச்சினையாக இருப்பது அரிது. டீசல் வரத்திலோ அழுத்தக் கட்டுப்பாட்டு வால்விலோ தேட வேண்டும்.

பானெட்டைத் திறந்து

மவுண்டிங்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சை மிக லேசாக விட்டு உடனே மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதே போல. மற்றவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். எஞ்சின் கொஞ்சம் சாய்வது இயல்பு. தூக்கித் தூக்கிப் போட்டால் ரப்பர் கிழிந்திருக்கிறது. முன்சக்கர டிரைவ் கார்களில் வலது, இடது, அடியில் ஒரு டார்க் ராட் என மூன்று பிடிப்புகள் இருப்பது வழக்கம். மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அடியில் இருப்பதை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. எண்ணெய் நிரம்பிய வகை மவுண்டிங்கில் கறுப்பாக வழிந்த தடம் இருந்தால் அது முடிந்துவிட்டது என்று பொருள்.

பிறகு வயர்கள். நெல்லும் கரும்பும் சூழ்ந்த பாகூர், நெல்லிக்குப்பம் பக்கங்களில் மட்டுமல்ல, நகரத்தில் கொட்டகைக்குள் நிறுத்தும் கார்களிலும் எலி ஏறுகிறது. வயரை இன்ஜெக்டரோடு இணைக்கும் கப்ளர் ஒவ்வொன்றையும் விளக்கு வைத்துப் பாருங்கள். அரைகுறையாகக் கடித்த வயர், முழுதாக அறுந்த வயரைவிட அதிகம் அலைக்கழிக்கும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் கப்ளரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பியசோ வகை (மின்சாரம் பட்டதும் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டரில் அது இன்ஜெக்டரையே கெடுத்துவிடும், மின் அழுத்தமும் ஆபத்தானது. ஆகவே எஞ்சினை அணைத்த பிறகே எந்தக் கப்ளரிலும் கை வையுங்கள்.

கடற்கரையில் வாழும் நமக்கு உப்புக் காற்று ஒரு தனிச் செலவு. தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கத்திலோ இரவெல்லாம் நிற்கும் காரில், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் முனை பச்சை பூத்துப் போவது சாதாரணம். எர்த் சரியில்லை என்றால் சென்சார்கள் தாறுமாறான கணக்கைக் கொடுக்கும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

ஏர் ஃபில்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து வரும் ஹோஸ்களின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் இந்தப் பகுதி முடிந்தது.

டீசலும் தண்ணீரும்

கடலூர்க்காரர்கள் பலர் எல்லையைத் தாண்டி முள்ளோடையிலோ கன்னியக்கோவிலிலோ டீசல் போடுகிறார்கள். வரி வித்தியாசத்தால் புதுச்சேரிப் பகுதியில் விலை குறைவு. உதறல் வந்ததும் "பாண்டி டீசல்தான் காரணம்" என்று சொல்லிவிடுவது எளிது. அதை நம்புவதற்கு முன் ஃபில்டரிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, திருகைத் தளர்த்தி, ஒரு டம்ளர் அளவு பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெளிந்து நிற்கும். பாட்டிலைச் சாய்த்தால் டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கோடு நகர்வது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டில் கறுப்பாகச் சளி போன்ற படலம் மிதந்தால் டேங்கில் நீண்ட நாட்களாகத் தண்ணீர் நின்று கிருமி வளர்ந்திருக்கிறது; அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். உயர் அழுத்தப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகெண்ணெய் என்பதால், அதில் தண்ணீர் கலந்தால் உள்ளே உலோகம் உலோகத்தோடு தேயும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பழைய காராக வாங்கியவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் ஓட்டி, காற்று வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் வேறொரு கேடும் உண்டு: தண்ணீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராட் சற்று வளைந்துவிடும். எஞ்சின் ஓடும், ஆனால் அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, குறைந்து அந்த ஒரு சிலிண்டர் என்றைக்கும் சோம்பியே எரியும். எத்தனை இன்ஜெக்டர் மாற்றினாலும் அந்த உதறல் போகாது.

டீசலோடு காற்று சேர்ந்தாலும் உதறும். இரவில் நின்ற வண்டி காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் சுற்றிய பிறகே எடுத்து, முதல் ஒரு நிமிடம் உதறிவிட்டு அடங்கினால், எங்கோ ஏர் பிடிக்கிறது. பம்ப்புக்கு முன்னால் உள்ள குறைந்த அழுத்தப் பகுதியில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸை இணைத்துப் பார்த்தால் குமிழி ஓடுவது நேரடியாகத் தெரியும். ஃபில்டர் மாற்றிய கையோடு உதறல் தொடங்கியிருந்தால், மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று எண்ணி அங்கிருந்தே தொடங்குங்கள்.

காலை உதறலுக்கு, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்வதும் வழக்கம். குளிர் மலையூர்களில் அது நியாயம். நம் கடற்கரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்குவதால், அதற்கு நான் இரண்டாவது இடமே தருவேன்.

புகை

வெள்ளைப் புகையோடு டீசல் நெடி வந்தால் எரியாத டீசல். நெடி இல்லாமல் ஆவி போல வந்து கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட். நீலம் கலந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகையோடு ஐடிலில் உதறினால் முதல் சந்தேகம் ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் இந்த வால்வு, கரி அடைத்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சினுக்கு நல்ல காற்று போதாது. நகருக்குள் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும். தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு எதிரானது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில், புகைவடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் ஐடில் வேகம் சற்று ஏறி, சத்தமும் மாறும். அது கோளாறு இல்லை; பத்து இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டி அதை முடிக்க விடுங்கள்.

ஸ்கேனர் போட்ட பிறகு

இசியூவில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரைப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். கோளாறு எண்ணை (கோட்) மட்டும் படித்துவிட்டு அழித்துவிடுபவரிடம், "அண்ணே, அழிக்கறதுக்கு முன்னாடி எழுதிக்கறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பி0201 முதல் பி0204 வரை வந்தால் அந்தந்த இன்ஜெக்டரின் மின் இணைப்புக் கோளாறு. என் காரில் பி0203 தெளிவாக வந்திருந்தும் யாரும் அதை வயர் என்று படிக்கவில்லை. பி0087 என்றால் ரயில் அழுத்தம் போதவில்லை, பி0401 என்றால் ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை, பி0402 என்றால் அது மிகுதி.

கோளாறு எண்ணைவிட நேரடி அளவீடுகள் அதிகம் பேசும். ரயில் அழுத்தத்தில் இசியூ கேட்பதையும் உண்மையில் இருப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும். உண்மை அளவு மேலும் கீழும் அலைந்தால் ஃபில்டர், ஏர், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு என்ற வரிசையில் போங்கள். அடுத்து, ஐடிலைச் சமப்படுத்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியூ கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் டீசல் அளவு. நான்கும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இன்ஜெக்டர்களைத் தொட வேண்டியதில்லை. மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வெகு தூரம் கூடுதலாக நின்றால் அந்தச் சிலிண்டர் சோம்புகிறது. அதற்கு இன்ஜெக்டரும் காரணமாகலாம், கம்ப்ரஷனும் காரணமாகலாம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ரிட்டர்ன் சோதனை உதவும். இன்ஜெக்டர்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் மெல்லிய குழாய்களைக் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலில் ஓட்டினால், மற்றவற்றைவிடப் பல மடங்கு நிரம்பும் பாட்டிலுக்குரிய இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. நான்கும் சமமாக நிரம்பினாலும் இன்ஜெக்டர் முழுதாகத் தப்பிவிடாது. தெளிப்பு முனை கெட்டிருந்தால் அது டெஸ்ட் பெஞ்ச்சில்தான் தெரியும். ஆனாலும் பெஞ்ச்சுக்கு அனுப்புவதற்கு முன் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இன்ஜெக்டரின் அடியில் தார் போலக் கெட்டியான கரி படிந்து, "சுக் சுக்" என்று ஊதும் சத்தம் வந்தால் செம்பு வாஷர் விட்டுவிட்டது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து புது வாஷர் போட்டால் தீரும். கழற்றிய பழைய வாஷரை மீண்டும் போட அனுமதிக்காதீர்கள்.

உண்மையாகவே இன்ஜெக்டர் மாற்ற வேண்டியிருந்தால், அதன் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான எஞ்சின்களில் அதை ஸ்கேனர் மூலம் இசியூவில், சரியான சிலிண்டர் வரிசையில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புது இன்ஜெக்டரோடும் வண்டி உதறும். பொருத்துவதற்கு முன்பே அந்தக் குறியீட்டைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் ஸ்கேனர் போட்டு, நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதி, முதலில் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.